குடியாத்தத்தில் ஒரு சிரசு, இரண்டு அச்சுக்கட்டை

குடியாத்தம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் ஆட்டோக்காரர் கெங்கையம்மன் கோயில் இருக்கும் கோபாலபுரத்துக்கு 250 ரூபாய் கேட்டார். பேரம் பேசி 200க்கு ஏறினால், கூட்டம் என்று பாதி வழியில் இறக்கிவிட்டார். திருவிழா நாளில் வெளியூர்க்காரனிடம் இப்படிப் பிடுங்குவது அநியாயம். வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குப் போகிறவர்கள் தயவுசெய்து நடந்தே போங்கள். மொத்தச் செலவுக்கும் 1,500 ரூபாய்தான் வைத்திருந்தேன்.

அப்புறம் சிரசு வந்தது, ஆட்டோ மறந்துபோனது. தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து அம்மனின் தலை மட்டும் மாலைக் குவியலுக்குள் வருகிறது. தப்பட்டை, புலி வேஷம், சிலம்பம், வழியெல்லாம் தேங்காய் உடைபடும் சத்தம். கோபாலபுரத்தில் அந்தத் தலையைச் சண்டாளச்சி உடலில் பொருத்திக் கண் திறக்கிறார்கள். ஜமதக்னி சொல்லைக் கேட்டுப் பரசுராமன் தாய் ரேணுகாவை வெட்டினான், தடுத்த சண்டாளச்சி என்ற பெண்ணையும் வெட்டினான், உயிர்ப்பிக்கும்போது தலை மாறிப்போனது. கதை தெரிந்தவன்தான் நான். ஆனாலும் கண் திறந்தபோது உடம்பு சிலிர்த்தது.

மதியம், நண்பர் சொல்லியிருந்த ஓர் அக்கா வீட்டுக்குப் போனேன். லினோகட் அச்சுப்படம் செய்கிறவர், அதாவது லினோலியத்தில் உளியால் செதுக்கி, மை தடவித் தாளில் ஒற்றியெடுக்கிற படம். தலைக்கு ஒரு கட்டை, உடலுக்கு ஒரு கட்டை. உடலைக் கறுப்பில் ஒற்றியெடுத்து, அது காய்ந்த பிறகு தலையைக் குங்குமச் சிவப்பில் ஒற்றுகிறார். மெஷின் கிடையாது. தாளின் முதுகில் கரண்டியால் தேய்ப்பதுதான். முகத்தில் மயிரிழைக் கோடுகள், உடலில் உளி போன தடம் அப்படியே. அந்த உடலின் கைகள் அவருடைய அம்மாவின் கைகள், பீடி சுற்றிக் காய்த்த விரல்கள். அம்மன் படம் என்றாலே பட்டும் நகையும்தான் என்று இருந்தவன், அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அச்சில் இடம் வலமாகும். முதல் தடவை அதை மறந்து செதுக்கியதில் மூக்குத்தி மறுபக்கம் விழுந்துவிட்டது. “இது நம்ம அம்மன் இல்ல” என்று அம்மா தள்ளிவிட்டாராம். முழுக் கட்டையையும் மறுபடி செதுக்கியிருக்கிறார்.

கழுத்தில் மட்டும் மெல்லிசாக வெள்ளைத் தாள் தெரிந்தது. பிசகா என்று கேட்டேன்.

“இல்ல தம்பி. ஒட்டிட்டா அது ஒரு பொம்பள படம், அவ்ளோதான். பொருத்தின தலைன்னு தெரியணும்ல?”

விலை 600. கணக்குப் போட்டேன். ஆம்பூர் பிரியாணியை விட்டால் பஸ்ஸுக்குக் காசு நிற்கும், சரி என்றேன். புதுப் பிரதியில் மை இன்னும் காயவில்லை என்று போன வருஷத்தியதை எடுத்து, அட்டை வைத்துச் சுற்றிக் கொடுத்தார். வேலூர் வரை பஸ்ஸில் உட்கார இடமில்லை. அட்டை மடங்காமல் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபடியே வந்தேன்.