ஹெலிகேஸ் டியூபைத் திறக்க முன்

ஹெலிகேஸ் என்பது டி.என்.ஏ.யின் இரட்டை இழையைப் பிரிக்கும் நொதியம். விலைப்பட்டியலில் "மீள்சேர்க்கைச் சுண்டெலி டி.என்.ஏ. ஹெலிகேஸ்" (சுண்டெலியின் மரபணுவை வேறு கலத்தில் வைத்துச் செய்தது) என்று கண்டதும், இது டி.என்.ஏ. இழையைப் பிரிக்கும் என்று நம்பி ஓடர் போட்டுவிடுகிறார்கள். டியூபுக்குள் இருப்பது ஹெலிகேஸ் மரபணுவிலிருந்து செய்த ஒரு புரதம். அது இழையைப் பிரிக்குமா என்பதைப் பெயரை வைத்துச் சொல்ல முடியாது. திருகோணமலையில் இருந்துகொண்டு வாங்குகிறவர்கள் இதைப் பணம் கட்ட முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும். பொருள் பிழைத்தால் மாற்றி எடுப்பது இங்கே லேசான காரியமில்லை.

தரவுத்தாளில் முதலில் தேட வேண்டியது "பகுதி" என்ற சொல். முழு நீளப் புரதமா, துண்டா? துண்டு என்றால் எந்த அமினோ அமிலத்திலிருந்து எது வரை? நொதியத்துக்குச் சக்தி கொடுக்கும் ஏ.ரி.பி.யைப் பிடிக்கும் வோக்கர் ஏ பகுதி அதற்குள் இல்லையென்றால் செயற்பாட்டை எதிர்பார்க்கவே கூடாது. அடுத்தது, எதில் வளர்த்தார்கள் என்பது. ஈ.கோலை பக்டீரியாவில் செய்தது மலிவு. பெரிய புரதங்கள் அதற்குள் சரியாக மடியாமல் போவது வழக்கம். பூச்சிக் கலங்களில் செய்தது விலை கூட, ஆனால் பெரிய ஹெலிகேஸ்களுக்கு அதுவே நம்பகம். மூன்றாவது, செயற்பாட்டை அளந்து எழுதியிருக்கிறார்களா என்பது. "தூய்மை 85 வீதத்துக்கு மேல்" என்பது ஜெல்லில் பட்டை எப்படித் தெரிந்தது என்பதை மட்டுமே சொல்கிறது.

சுண்டெலியின் எம்.சி.எம். 7 என்ற ஹெலிகேஸ் புரதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கலத்துக்குள் எம்.சி.எம். 2 முதல் 7 வரையான ஆறு புரதங்கள் வளையமாகச் சேர்ந்து, துணைப் புரதங்களான சி.டி.சி. 45உம் கின்ஸ் தொகுதியும் வந்து ஒட்டிய பிறகே அது முழு ஹெலிகேஸாக ஓடும். ஆய்வுகூடத்தில் 4, 6, 7 மூன்றும் சேர்ந்த தொகுதிக்கு இழை பிரிக்கும் செயற்பாடு உண்டு. தனி 7ஐ எவ்வளவு ஊற்றினாலும் ஒன்றும் பிரியாது. அதற்காக அது வீண் பொருள் என்று சொல்ல வரவில்லை. புரதங்களைக் கண்டறியும் சோதனைகளான வெஸ்டேர்ன் புளொட்டில் ஒப்பீட்டுக்கும், எலைசாவில் நியமமாகவும், பிறபொருளெதிரி உண்டாக்கவும் அந்தத் தனிப் புரதம் நன்றாகவே உதவும். இழை பிரிப்பதுதான் நோக்கமென்றால் ரெக்கியூ குடும்பத்தைச் சேர்ந்த புளூம் ஹெலிகேஸ் போல, தனியாகவே வேலை செய்யும் ஒன்றைத் தேடுங்கள்.

கொழும்பிலிருந்து இங்கே ஏறக்குறைய 260 கிலோமீற்றர். உலர் ஐஸ் –78.5 பாகையில் இருக்கும், ஆனால் வழியெல்லாம் ஆவியாகிக்கொண்டே வரும். ரெஜிபோம் பெட்டியைத் திறந்தவுடன் அதில் இன்னும் துண்டுகள் மிச்சமிருக்கின்றனவா என்று பார்த்து ஒரு படம் எடுத்து வையுங்கள். பிறகு முறைப்பாடு செய்ய அதுவே சாட்சி. உறைய வைத்து உலர்த்திய தூளாக வாங்கக் கிடைத்தால் இந்தக் காலநிலைக்கு அதைத்தான் நான் சொல்வேன். திரவமாக வந்தால் –20 பாகையிலோ –80 பாகையிலோ சுமார் ஆறு மாதம், தூளாக வந்தால் ஒரு வருடம் என்றுதான் விற்பவர்கள் பொதுவாகக் குறிப்பிடுவார்கள்.

தூள் என்றவுடன் வெள்ளைக் குவியலை எதிர்பார்க்காதீர்கள். 20 மைக்ரோகிராம் என்பது டியூபின் சுவரில் படிந்த மூச்சுப்போல இருக்கும். சிலவேளை கண்ணுக்கே தெரியாது, மூடியிலும் ஒட்டியிருக்கும். அதனால் திறக்க முன் அரை நிமிடம் மையநீக்கியில் சுற்றுங்கள். பிறகு 100 மைக்ரோலீற்றர் கிருமி நீக்கிய நீரைச் சுவர் வழியே மெல்ல விட்டு, ஐஸில் 10 நிமிடம் வையுங்கள். வோர்டெக்ஸ் குலுக்கி வேண்டாம், நுரைத்தால் புரதம் குலையும். கரைந்ததும் 100 மைக்ரோலீற்றர் கிளிசரோல் சேர்த்தால் 50 வீதக் கரைசல் ஆகும். இது –20 பாகையில் கட்டியாகாது, அதனால் உறைந்து உருகும் சேதம் குறையும். பத்துப் பத்து மைக்ரோலீற்றராகப் பிரித்து வையுங்கள். 4 பாகையில் வைத்த டியூபை ஒரு வாரத்துக்கு மேல் நம்ப வேண்டாம்.

கணக்கு இப்படி: புரதம் 70 கிலோடால்ட்டன் என்றால் 20 மைக்ரோகிராமில் 286 பிக்கோமோல். 200 மைக்ரோலீற்றரில் அது 1.43 மைக்ரோமோலார். பத்து மடங்கு ஐதாக்கினால் 143 நனோமோலார். 20 மைக்ரோலீற்றர் தாக்கத்தில் 10 நனோமோலார் வேண்டுமென்றால் அதிலிருந்து 1.4 மைக்ரோலீற்றர். ஐதாக்கும் பஃபரில் (பி.எச்.ஐ நிலையாக வைக்கும் கரைசல்) மில்லிலீற்றருக்கு 0.1 மில்லிகிராம் பி.எஸ்.ஏ. என்ற மாட்டுப் புரதம் இருக்கட்டும், இல்லாவிட்டால் இவ்வளவு சிறிய அளவு புரதம் டியூபின் சுவரிலேயே ஒட்டிப்போகும். கிளிசரோல் தேன்போலப் பைபெற் நுனியின் வெளிப்புறத்திலும் ஏறி வரும். நுனியை ஆழ அமிழ்த்தாமல் மேற்பரப்பில் மட்டும் தொட்டு எடுங்கள்.

நோ-ஃப்ரொஸ்ட் வீட்டு ஃப்ரீசரில் நொதியத்தை வைக்காதீர்கள். பனியை உருக்க அது அடிக்கடி தானே சூடாகும். மேல் மூடி திறக்கும் டீப் ஃப்ரீசர் கரண்ட் போனாலும் மணிக்கணக்கில் தாங்கும், திறக்காமல் இருந்தால். நீண்ட மின்வெட்டு வந்தால் மீன்பிடிக்காரர் வாங்கும் ஐஸ் கட்டியை நொறுக்கி, எடையில் மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு கல்லுப்புக் கலந்தால் –18 பாகைக்குக் கிட்டப் போகும். நிலாவெளி உப்பளம் இருக்கும் ஊரில் உப்புக்குப் பஞ்சமில்லை. டியூபுகளை இரட்டைப் பையில் கட்டி வையுங்கள், உப்பு நீர் மூடிக்குள் ஏறிவிடும்.

பரிசோதனைக்கு 25 மில்லிமோலார் ட்ரிஸ், பி.எச். 7.5, 50 சோடியம் குளோரைட், 3 மக்னீசியம் குளோரைட், 2 ஏ.ரி.பி., 1 டி.ரி.ரி. (புரதம் ஒட்சியேறாமல் காப்பது), எல்லாம் மில்லிமோலாரில். மக்னீசியம் எப்போதும் ஏ.ரி.பி.யைவிடக் கூடவே இருக்க வேண்டும், ஏனென்றால் இரண்டும் ஒன்றுக்கொன்று பிணைந்துவிடும். சேமிப்புப் பஃபரில் மக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈ.டி.ரி.ஏ. இருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள். ஏ.ரி.பி. தூளைக் கரைத்தால் அமிலமாக இருக்கும். சோடியம் ஹைட்ரொக்சைட் விட்டு பி.எச். 7க்குக் கொண்டுவராமல் பயன்படுத்தினால் தாக்கம் தொடங்க முன்பே செத்துவிடும்.

பிரிக்கக் கொடுக்கும் இரட்டை இழை 25 சோடி போதும், ஆனால் வால், அதாவது நுனியில் சோடி சேராமல் நீளும் ஒற்றை இழை, முக்கியம். டி.என்.ஏ. இழையின் இரு முனைகளுக்கு 3 பிரைம், 5 பிரைம் என்று பெயர். புளூம் 3 பிரைமிலிருந்து 5 பிரைம் பக்கம் நகரும், அதற்கு 3 பிரைம் வால் வேண்டும். இழைமணியின் டுவிங்கிள் ஹெலிகேஸ் எதிர்த் திசையில் ஓடும். வாலைப் பிழையான பக்கம் செய்வித்துவிட்டு நொதியத்தைக் குறை சொல்வது அநியாயம். 37 பாகையில் 30 நிமிடம் வைத்து, 20 மில்லிமோலார் ஈ.டி.ரி.ஏ., 0.5 வீத எஸ்.டி.எஸ். (புரதத்தைக் குலைக்கும் சவர்க்காரம்) கொண்டு நிறுத்தி, ஜெல்லில் ஓட்டுங்கள். எஸ்.டி.எஸ். இல்லாவிட்டால் நொதியம் டி.என்.ஏ.யோடு ஒட்டியபடி ஜெல்லின் குழியிலேயே நின்றுவிடும். பிரிந்த இழைகள் திரும்பச் சேராதிருக்க, ஜெல்லில் தெரிவதற்காகச் சாயமிட்ட இழையின் அதே வரிசையைச் சாயமின்றிப் பத்து மடங்கு போடுங்கள்.

நொதியம் இல்லாதது, ஏ.ரி.பி. இல்லாதது, டி.என்.ஏ.யை 95 பாகையில் 5 நிமிடம் சூடாக்கிப் பிரித்தது ஆகிய மூன்றும் ஒவ்வொரு ஜெல்லிலும் இருக்க வேண்டும். ஏ.ரி.பி. இல்லாத குழியிலும் இழை சிறிதானால் டி.என்.ஏ.யை வெட்டும் பக்டீரியாவின் நியூக்கிளியேஸ் கலந்திருக்கிறது. நொதியம் இல்லாத குழியிலேயே பட்டை பிரிந்தால் சூட்டைச் சந்தேகியுங்கள். ஓகஸ்ட் மாதத்து அறையில், மின்சாரம் பாயப் பாய ஜெல் மேலும் சூடாகி, குறுகிய இழைகள் தாமாகவே பிரியும். ஜெல் ஓட்டும் ரி.பி.ஈ. பஃபரை முதல்நாளே குளிரவைத்து, தொட்டியை ஐஸுக்குள் இறக்கி, 100 வோல்ற்றுக்கு மேல் போகாமல் ஓட்டுங்கள்.

ஏ.ரி.பி. உடைவதை, வெளிவரும் பொஸ்பேற்றால் பச்சையாகும் மலகைற் பச்சைச் சாயத்தால் அளக்க நினைப்பவர்கள் பஃபரின் பெயரை மீண்டும் பாருங்கள். பி.பி.எஸ். (பொஸ்பேற் உப்புக் கரைசல்) கலந்த சேமிப்புப் பஃபரில் பொஸ்பேற் ஏற்கெனவே இருப்பதால், நொதியம் ஒன்றுமே செய்யாமலும் சோதனைத் தட்டின் குழி பச்சையாகிவிடும். சிறிய உப்பகற்றும் நிரலில் புரதத்தை ஒருமுறை ட்ரிஸுக்கு மாற்றிவிட்டு, செறிவைத் திரும்ப அளந்து, பிறகு தொடங்குங்கள்.