"இதில் கதை எங்கே?": டிஸ்டோப்பியா கேள்விக்கு நான் படித்த விதம்

முதல் அசைன்மென்ட் திரும்பி வந்தபோது கடைசிப் பக்கத்தில் மிஸ் சிவப்பு மையில் ஒரே வரி எழுதியிருந்தார்: "இதில் கதை எங்கே?"

பன்னிரண்டு பக்கம் எழுதியிருந்தேன். டிஸ்டோப்பியக் கதைகளில், அதாவது மோசமாகிப்போன ஒரு கற்பனை உலகத்தைக் காட்டும் கதைகளில், தொழில்நுட்பத்தைச் சார்ந்து வாழ்வது மனித உறவுகளை எப்படிக் கெடுக்கிறது என்பது தலைப்பு. எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கிற பலருக்கு இது ஏதாவது ஒரு செமஸ்டரில் வந்து நிற்கும். வீட்டில் யாரும் முகம் பார்த்துப் பேசுவதில்லை, சாப்பிடும்போதும் போன், பிள்ளைகள் தெருவில் இறங்கி விளையாடுவதில்லை என்று நான் பாட்டுக்கு எழுதித் தள்ளியிருந்தேன். நடுநடுவே நாவல்களின் பெயர்கள், கறிவேப்பிலை மாதிரி. பள்ளிக்கூடத்தில் 'கைபேசியின் தீமைகள்' எழுதிப் பரிசு வாங்கிய கை வேறென்ன எழுதும்? 25க்கு 11 வந்தது. செமஸ்டர் பரீட்சைக்கு ஆறு வாரம் இருந்தது.

நான் முதலில் செய்தது, பட்டியலைக் குறைத்தது. எட்டு நாவல்களின் சுருக்கத்தை நோட்ஸில் படிப்பதை நிறுத்திவிட்டு மூன்று படைப்புகளை மட்டும் முழுசாகப் படித்தேன். இ.எம். ஃபார்ஸ்டர் 1909இல் எழுதிய 'தி மெஷின் ஸ்டாப்ஸ்', ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451' (1953), அவருடைய சிறுகதை 'தி வெல்ட்' (1950). இதில் இரண்டு சின்னவை. பூதப்பாண்டியிலிருந்து நாகர்கோவிலுக்குப் போய்வரும் பஸ்ஸிலேயே நாலைந்து நாளில் முடிந்துவிட்டன, அதுவும் ஜன்னல் சீட் கிடைக்காத நாட்களில்.

ஆனாலும் குறிப்பு எடுக்க உட்கார்ந்தால் மறுபடியும் "எந்திரம் மனிதர்களைப் பிரிக்கிறது" என்றுதான் பேனா ஓடியது. அப்போது மிஸ்ஸிடமே போய்க் கேட்டேன். அவர் சொன்னது: "இரண்டு பேர் ஒரே இடத்தில் இருக்கிற காட்சியா பார்த்து எடு. முன்னாடி ஒருத்தருக்கொருத்தர் என்ன செஞ்சிட்டிருந்தாங்க, இப்போ அதை எது செய்யுதுன்னு மட்டும் கேளு." எனக்கு இந்தத் தாளே திறந்தது இந்த ஒரு கேள்வியில்தான்.

ஃபார்ஸ்டர் கதையில் மனிதர்கள் பூமிக்கடியில், தேன்கூட்டு அறை போன்ற ஆறுகோண அறைகளில் தனித்தனியாக வாழ்கிறார்கள். சாப்பாடு, காற்று, வைத்தியம், பாட்டு எல்லாம் பொத்தானை அமுக்கினால் வரும். வாஷ்டி என்ற தாய் பூமியின் ஒரு பக்கம், மகன் கூனோ மறு பக்கம். நீல நிறத்தில் ஒளிரும் வட்டத் தட்டில் இருவரும் முகம் பார்த்துப் பேசுகிறார்கள். வீடியோ கால்தான், 1909இலேயே. மகன் கூப்பிட்டதும் தாய் சொல்வது, உனக்கு முழுசாக ஐந்து நிமிடம் தருகிறேன் என்று. அவளுக்குப் பல்லாயிரம் பேரைத் தெரியும் என்றும் ஆசிரியர் ஒரு வரி போகிற போக்கில் வைக்கிறார். கூனோ, நேரில் வா என்கிறான். இந்தத் தட்டில் உன்னைப் போல ஏதோ ஒன்று தெரிகிறது, ஆனால் நான் உன்னைப் பார்க்கவில்லை என்கிறான்.

இந்த வரியில் நான் புத்தகத்தை மூடிவிட்டேன். எங்கள் அப்பா மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவர் ஐமோ வீடியோ காலில்தான் இருக்கிறார். பாதி நெற்றியும் ஃபேனும் தெரியும், நடுவில் படம் உறைந்து நிற்கும், "மக்களே, சாப்பிட்டியா" என்ற குரல் மட்டும் உடைந்து உடைந்து வரும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வந்து படிப்புரையில், அதாவது வீட்டுத் திண்ணையில், உட்காரும்போது அவரைவிட அந்தப் போன் முகம்தான் எனக்குப் பழக்கமான அப்பாவாக இருக்கும். உங்கள் வாழ்க்கையில் எங்கே இடிக்கிறதோ அந்த வரியை அடிக்கோடிடுங்கள். அது மறக்காது.

ஆனால் அந்தக் கதையில் பரீட்சைக்கு எடுக்க வேண்டிய காட்சி இதுவல்ல. இதை எல்லோரும் எழுதுவார்கள். நான் எடுத்தது வாஷ்டி வேறு வழியில்லாமல் மகனைப் பார்க்க ஆகாயக் கப்பலில் போகும் இடம். சூரிய வெளிச்சம் மேலே பட்டுவிடுமோ என்று பயந்து அவள் சட்டென விலக, விழப்போகிறாள். பணிப்பெண் கை நீட்டித் தாங்கிப் பிடிக்கிறாள். உடனே வாஷ்டி, என்ன தைரியம் உனக்கு என்று கத்துகிறாள். அந்தப் பெண் குழம்பிப்போய், உங்களை விழவிடாததற்கு மன்னியுங்கள் என்கிறாள்! மனிதர்கள் ஒருவரையொருவர் தொடுவதே அங்கே வழக்கொழிந்துவிட்டது. விழுகிறவரைப் பிடிப்பது முன்பு மனிதருக்கு மனிதர் செய்த வேலை. அது இப்போது அநாகரிகம். மிஸ் கேட்ட கேள்விக்கு இதைவிடப் பச்சையான பதில் எந்தக் கதையிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

'ஃபாரன்ஹீட் 451' என்றதும் புத்தகம் எரிப்பதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுவது நம் எல்லோருக்கும் உள்ள வியாதி. கேள்வி உறவைப் பற்றியது. அதனால் கதாநாயகன் மான்டாகின் (புத்தகங்களை எரிக்கும் தீயணைப்புக்காரன்) படுக்கையறைக்குள் போங்கள். அவன் மனைவி மில்ட்ரெட் சிப்பி போன்ற குட்டி ரேடியோவைக் காதில் செருகியபடியே படுத்திருப்பாள். பத்து வருஷப் பழக்கத்தில் அவள் உதட்டசைவைப் படிப்பதில் கைதேர்ந்துவிட்டாள், புருஷன் பேசுவதைக் கேட்கக் காதிலிருந்து அதை எடுக்க வேண்டியதே இல்லை. வரவேற்பறையில் மூன்று சுவர் நிறையத் திரை. நாலாவதும் வேண்டும் என்கிறாள். விலை 2,000 டாலர், அது அவனுடைய வருஷச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. அந்தச் சுவர்களில் பேசுகிறவர்களை அவள் 'குடும்பம்' என்றே சொல்கிறாள். எண்களையும் இப்படிச் சின்ன விவரங்களையும் விடைத்தாளில் வையுங்கள். நூலைப் படித்தவர் எழுதியது என்று திருத்துகிறவருக்கு உடனே தெரிந்துவிடும்.

இன்னொன்று. நாம் முதன்முதலில் எங்கே சந்தித்தோம் என்று மான்டாக் அவளிடம் கேட்கிறான். இருவருக்குமே நினைவில்லை. அவள் சிரிக்கிறாள். கடைசியில் நகரம் குண்டு வீச்சில் அழிந்தபிறகு, அவள் இல்லாமல் போனபிறகு, சிகாகோ என்று அவனுக்குத் திடீரென ஞாபகம் வருகிறது. இந்த இரண்டு இடத்தையும் கோத்து எழுதினால் ஒரு முழுப் பத்தி ஆகிவிடும். பக்கத்து வீட்டு கிளாரிஸ் இறந்த செய்தியை நாலு நாள் கழித்து, மறந்துவிட்டேன் என்று மில்ட்ரெட் சொல்லும் இடத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அந்த கிளாரிஸ் வழியாக வரும் ஒரு விஷயம் நம்மூர்க்காரர்களுக்கு எளிதாகப் பிடிபடும். முன்பெல்லாம் வீடுகளுக்கு முன்திண்ணை இருந்ததாம், மக்கள் அதில் உட்கார்ந்து ரொம்பப் பேசினார்கள், யோசித்தார்கள், அதனால் எடுத்துவிட்டார்கள் என்று அவளுடைய மாமா சொல்வார். எங்கள் ஆச்சியிடம் இதைச் சொன்னபோது, "இங்கயும் படிப்புரைய இடிச்சுப் போட்டு காரு நிப்பாட்ட எடம் கட்டியாச்சே" என்றார். அமெரிக்க நாவலுக்கு ஆச்சி தந்த உரை.

'தி வெல்ட்' பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வீடே பிள்ளைகளைக் குளிப்பாட்டும், ஷூ லேஸ் கட்டிவிடும். பிள்ளைகள் நினைப்பதையெல்லாம் சுவரில் நிஜம் போலக் காட்டும் விளையாட்டு அறையும் உண்டு, அதில் அவர்கள் வரவழைப்பது ஆப்பிரிக்கச் சிங்கங்களை. என்னால் அந்தக் குளியல் எந்திரம் போலத் தேய்த்துவிட முடியுமா என்று தாய் லிடியா கேட்பதும், இந்த அறைதான் இப்போது இவர்களுக்கு அம்மாவும் அப்பாவும் என்று உளவியலாளர் சொல்வதும் போதும். சிங்கத்தைப் பற்றி நீட்டாதீர்கள்.

நாம் மாட்டிக்கொள்ளும் ஒரு பொறியைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கேள்விக்கு ஆர்வெலின் '1984' என்ற நாவலைப் பலர் முதல் உதாரணமாக எழுதுகிறார்கள். அங்கே டெலிஸ்கிரீனை யாரும் ஆசைப்பட்டு வாங்கவில்லை, அது அரசு மாட்டி வைத்த கண். கேள்வியில் இருப்பதோ சார்ந்திருத்தல். மேலும் பார்சன்ஸ் என்பவரைச் சொந்த மகளே காட்டிக்கொடுக்கிறாளே, அவள் ஒட்டுக்கேட்டது திரை வழியாக அல்ல, சாவித் துவாரம் வழியாக. அங்கே உறவைக் கெடுத்தது பயம். ஆகவே அந்த நாவலை ஒப்பிட்டு வேறுபடுத்த மட்டும் நாலு வரியில் பயன்படுத்துங்கள். பிராட்பரி நாவலில் தீயணைப்புத் தலைவர் பீட்டி, இதெல்லாம் அரசாங்கம் மேலிருந்து தொடங்கியதல்ல என்று சொல்வார். அதைப் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு தானாகத் தெரியும்.

இவ்வளவும் தயார் செய்துவிட்டுக் கொஞ்சம் மிதப்பில்தான் இருந்தேன். நாங்கள் மூன்று பேர் சேர்ந்து படிப்போம். மரச்சீனிக் கிழங்கு அவித்து, மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டே எங்கள் வீட்டில் நடக்கும் குரூப் ஸ்டடி அது. 2017 ஒக்கி புயலின்போது எட்டு நாள் எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. அப்போது நான் பத்தாம் வகுப்பு. சாயங்காலமானால் அக்கம்பக்கம் எல்லாம் எங்கள் படிப்புரையில்தான். எந்திரம் நின்றால் மனிதர்கள் திரும்ப வருவார்கள் என்று முடிவுரைக்கு அதையே நினைத்துவைத்திருக்கிறேன் என்று சொன்னேன்.

தூத்தூர்ப் பக்கத்துக் கடற்கரைத் தோழி சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். "மக்கா, ஒனக்கு அது கதை பேசின எட்டு நாளு. எங்க மாமா போட்டுல கடலுக்குள்ள நின்னாரு. புயல் வருதுன்னு சொல்ல ஒரு மெஷின் அவருகிட்ட இல்ல. கரையில நாங்க போனை கையில வச்சிட்டு இருந்தோம், எதுக்கு?" நவம்பர் 29 ராத்திரி தொடங்கிய அந்தக் காற்றில் ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களுக்குக் கரையிலிருந்து போன் எட்டாது. அவள் மாமா திரும்பி வரவில்லை. நான் அந்த முடிவுரையைக் கிழித்துப் போட்டேன்.

அன்றைக்கு ராத்திரி ஃபார்ஸ்டரை மறுபடி எடுத்தேன். முதல் தடவை கவனிக்காமல் விட்ட ஒன்று கண்ணில் பட்டது. நேரில் வா என்று கூனோ அம்மாவைக் கூப்பிட்டதும் அதே எந்திரத்தின் வழியாகத்தான். அவனுக்கு அது அம்மாவிடம் போய்ச்சேரும் வழி, அவளுக்கு அதுவே போதுமான இடம். கருவி ஒன்றுதான். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'விலும் காணாமல் போன கணவனைத் தேடும் நிலாவுக்குத் துணை நிற்பது ஜீனோ என்ற எந்திர நாய்தானே. "எல்லாத் தொழில்நுட்பமும் உறவுக்கு எதிரி" என்று எழுதினால், எங்கே ஆள் எந்திரத்தோடு நின்றுவிடுகிறார் என்ற இடம் தவறிப்போகும். இந்த மறுப்பைக் கடைசிக்கு முந்திய பத்தியில் நீங்களே எழுப்பி நீங்களே பதில் சொல்லிவிடுங்கள். எனக்கு அதிகம் உதவியது இந்தப் பத்திதான் என்று நினைக்கிறேன்.

பரீட்சை ஹாலில் கேள்வி கொஞ்சம் மாறி வந்தது: 'டிஸ்டோப்பியாவில் தனிமை'. அதே மூன்று காட்சிகள், அதே வரிசை, முதல் பத்தியில் மட்டும் தனிமை என்ற சொல்லை விளக்கினேன். காட்சிக்கு ஒரு பத்தி, பத்திக்குப் பத்து நிமிடம். கதைச்சுருக்கம் மூன்று வரியைத் தாண்டக் கூடாது என்று வீட்டிலேயே கடிகாரம் வைத்து ஐந்து தடவை எழுதிப் பார்த்திருந்தேன். அப்படியும் 'தி வெல்ட்'டில் சிங்கம் ஆறு வரி தின்றுவிட்டது. 75க்கு 58.

ஐமோ, ஆச்சி, ஒக்கி இதெல்லாம் படிக்கும்போது காட்சியைப் பிடித்துவைக்கும் கொக்கிகள். விடைத்தாளுக்குள் வரக்கூடாது, வந்தால் மறுபடி பழைய 'கைபேசியின் தீமைகள்'தான். எனக்கும் ஆசை இருந்தது. மான்டாகின் சிகாகோவைப் படித்த அன்று அம்மாவிடம் போய், அப்பாவை முதலில் எங்கே பார்த்தாய் என்று கேட்டிருந்தேன். சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமலேயே சொன்னாள்: "சுசீந்திரம் தேரன்னைக்கு. கரும்பு வாங்கிட்டு மிச்சக் காசை எண்ணிட்டு நின்னாரு. ஏன், அப்பா ஏதாவது கேட்டாரா?"