எப்போதிலிருந்து என்ற கேள்வி

"எப்போதிலிருந்து சரியாகக் கேட்கவில்லை?" என்பதை அன்று நான் ஒரு முறை கேட்டு, பதிலை எழுதிக்கொண்டு, அடுத்த கேள்விக்குப் போயிருக்க வேண்டும். செவித்திறன் பரிசோதனைக்கு வரும் எல்லோரிடமும் கேட்பதுதான் அது. முதுமையில் செவித்திறன் பல ஆண்டுகளாகச் சிறிது சிறிதாகக் குறைவதால் தொடக்கம் என்று ஒரு நாளைக் காட்ட யாராலும் முடியாது என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆனாலும் அவரிடம் அதை மூன்று முறை கேட்டேன்.

பத்தாம் வகுப்பில் எனக்குக் கணிதம் கற்பித்தவர் அவர். ஆசிரியர்கள் பெரும்பாலும் தொண்டைக்காகத்தான் எங்களிடம் வருவார்கள். பல ஆண்டுகள் உரக்கப் பேசியதில் குரல்நாண்களில் முடிச்சு விழுந்திருக்கும். இவர் ஓய்வு பெற்றுப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, காதுக்காக, மனைவியோடு வந்திருந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. வருகிறவர்கள் எல்லோரையும் 'சார்' என்றே அழைப்பேன் என்பதால் அந்தச் சொல்லும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அந்தப் பத்தாம் வகுப்பில் ஒரு நாள், பின்வரிசையிலிருந்து எழுந்து, "பின்னத்தின் பகுதி பூச்சியமாகிவிட்டால் என்ன ஆகும், சார்?" என்று கேட்டேன். "பூச்சியம்தான். இதுகூடத் தெரியாமலா இங்கே வந்தாய்? உட்கார்" என்றார். வகுப்பு சிரித்தது. எதையும் பூச்சியத்தால் வகுக்க முடியாது என்பதும், நான் கேட்டது சரியான கேள்விதான் என்பதும் பிறகு புரிந்தன. அவர் வேண்டுமென்றே என்னை மட்டம் தட்டினார் என்று முடிவுகட்டிக்கொண்டேன். அந்த ஆண்டு முழுவதும் எந்த வகுப்பிலும் நான் கேள்வி கேட்கவில்லை.

250 ஹெர்ட்சிலிருந்து 8000 ஹெர்ட்ஸ் வரை ஒலிகளைக் கொடுத்துப் பார்த்தேன். தாழ்ந்த சுருதி ஒலிகள் ஓரளவு நன்றாகவே கேட்டன. 2000 ஹெர்ட்சைத் தாண்டியதும் வரைபடக் கோடு செங்குத்தாகக் கீழே இறங்கியது. இப்படிப்பட்டவர்களுக்கு ஒருவர் பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார் என்பது விளங்காது. உயிரொலிகள் காதில் விழும்; மெல்லிய மெய்யொலிகள் நழுவிவிடும். நான் 'பல்' என்றால் அவர் 'கல்' என்றார். 'தட்டு' என்றால் 'பட்டு' என்றார். கரும்பலகை முன்னால் நின்ற அதே உறுதியோடு ஒவ்வொன்றையும் சொன்னார். அப்போதுதான் எனக்குப் பின்னத்தின் மேல் எண்ணான தொகுதியும் கீழ் எண்ணான பகுதியும் நினைவுக்கு வந்தன. இரண்டுக்கும் கடைசி இரண்டு எழுத்துகள் ஒன்றே. தொகுதி பூச்சியமானால் விடை பூச்சியம்தான். அவர் காதில் விழுந்த கேள்விக்கு அவர் சொன்ன பதில் சரியாக இருந்திருக்கலாம்.

முதல் முறை கேட்டபோது, "ஓய்வு பெற்ற பிறகுதான்" என்றார். "வேலையில் இருந்தபோது?" என்று மறுபடியும் கேட்டேன். "அப்போதெல்லாம் எந்தக் குறையும் இல்லை" என்றார். மனைவி குறுக்கிட்டு, "அப்போதே பிள்ளைகள் ஏதாவது சொன்னால் 'என்ன, என்ன' என்பீர்களே" என்றார். இந்த இரண்டு கேள்விகளுக்கும் என்னால் நியாயம் சொல்ல முடியும். குறைபாட்டை நெடுங்காலம் கவனிக்காமல் விட்டவர்களுக்குச் செவிக்கருவி பழகக் கூடுதல் நாள் பிடிக்கும் என்பதால் கால அளவு எங்களுக்குத் தேவை.

மூன்றாவது கேள்வி எந்தப் படிவத்திலும் இல்லாதது. "பின்வரிசையிலிருந்து யாராவது மெல்லிய குரலில் கேட்டால் உங்களுக்குக் கேட்குமா, சார்?" அவர் என் முகத்தையே சிறிது நேரம் பார்த்தார். "பெண்பிள்ளைகள் வாய்க்குள்ளேயே பேசுவார்கள். நானே ஊகித்துக்கொள்வேன். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்."

அந்தப் 'பெரும்பாலும்' என்ற சொல்லோடு வீட்டுக்குப் போனேன். அதற்கு மேல் எனக்கு எதுவும் உறுதியாகத் தெரியாது. இன்று எடுத்த வரைபடம் இன்றைய காதைத்தான் காட்டும். அன்றைய காதைப் பற்றி அதிலிருந்து எதுவும் சொல்ல முடியாது என்று வேறொருவர் கேட்டிருந்தால் நானே அடித்துச் சொல்லியிருப்பேன். அன்று அவருக்கு நன்றாகக் கேட்டு, பாடத்தை முடிக்கும் அவசரத்தில் என்னை உட்காரவைத்திருக்கவும் கூடும். காதுதான் காரணம் என்று நம்பிவிட்டால் இத்தனை ஆண்டுக் கசப்பை இறக்கி வைக்கலாம். ஆனால் அந்த நம்பிக்கைக்காக, சிகிச்சைக்கு வந்த ஒரு முதியவரை, அவருக்குத் தெரியாமலே விசாரித்திருக்கிறேன். அதை எந்தப் பெயரிட்டுச் சொல்வது?

அறுபது வயதைத் தாண்டியவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் அன்றாட வாழ்வைப் பாதிக்கும் அளவுக்குச் செவித்திறன் குறைகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தக் குறைவு பலருக்கும் பணிக்காலத்திலேயே தொடங்கிவிடுகிறது. மெல்லிய குரல் எட்டாது, உரத்த குரலோ காதில் குத்தும். எரிந்து விழும் ஆசிரியர்களில் சிலருக்கேனும் கோபத்தின் காரணம் இதுவாக இருந்திருக்கலாம். மாணவர்களின் காதைச் சோதிக்கும் முகாம்களுக்குப் பலமுறை போயிருக்கிறேன். ஆசிரியரையும் உட்காரவைத்துச் சோதிக்க வேண்டும் என்று ஒரு முறைகூட எனக்குத் தோன்றியதில்லை.

படிவத்தில் அவர் சொன்னதையும் மனைவி சொன்னதையும் எழுதினேன். மூன்றாவது பதிலை எழுதவில்லை. நான் அவருடைய மாணவி என்பதையும் சொல்லவில்லை. சொன்னால் அது குற்றச்சாட்டாகிவிடும் என்று அன்று நினைத்தேன். இப்போது யோசித்தால், மாணவி ஒருத்தி இந்த வேலைக்கு வந்திருப்பதை அறிந்து அவர் மகிழ்ந்திருக்கவும் கூடும்.

செவிக்கருவி பொருத்திக்கொள்ள இரண்டு வாரம் கழித்து வந்தார். கருவியைச் சரிசெய்து முடித்ததும், "இப்போது நீங்கள் பேசுவது தெளிவாக இருக்கிறது" என்றார். பிறகு, "போன முறை மாணவர்களைப் பற்றி ஏதோ கேட்டீர்கள். அது சரியாக என் காதில் விழவில்லை. தோன்றியதைச் சொல்லிவிட்டேன். என்ன கேட்டீர்கள்?" என்றார்.

"ஒன்றுமில்லை, சார். பதில் சொல்லிவிட்டீர்கள்" என்றேன்.