துரோப்பீமு பிழைத்தானா?

4-8-2024, ஞாயிறு
சபையில் இன்று வெளியூர்ப் பிரசங்க ஊழியரின் செய்தி. நல்ல குரல், கனிவான சிரிப்பு. எடுத்துக்கொண்ட வசனம் பைபிளில் மூன்றாம் யோவான் நிருபம் 2: “பிரியமானவனே, உன் ஆத்துமா வாழ்கிறதுபோல நீ எல்லாவற்றிலும் வாழ்ந்து சுகமாயிருக்கும்படி வேண்டுகிறேன்.” மாத்திரை டப்பா இருக்கிற வீட்டில் சந்தேகமும் இருக்கும் என்றார். சத்தமாக ‘ஆமென்’ போட்டவர்களில் நானும் ஒருத்தி.

7-8-2024, புதன்
அத்தையின் தலையணை உறையைத் துவைக்க உருவினேன். பொலபொலவென்று சர்க்கரை மாத்திரைகள் விழுந்தன. ஞாயிறு ராத்திரியிலிருந்து விழுங்கவே இல்லை. “நீயுந்தான கண்ணு ஆமென் சொன்ன?” என்றார். என்ன பதில் சொல்வது? சர்க்கரை 312.

9-8-2024, வெள்ளி
அந்த நிருபத்தை முழுசாகப் படித்தேன். ஒரே அதிகாரம்தான். யோவான் காயுவுக்கு எழுதிய கடிதத்தின் ஆரம்ப நலம் விசாரிப்பு அந்த வசனம். நாம் ‘நலம், நலமறிய ஆவல்’ என்று எழுதுவோமே, அந்த மாதிரி. அதைத்தான் அந்த ஊழியர் தேவனுடைய வாக்குத்தத்தமாக்கிவிட்டார்.

எபேசுவில் அப்போஸ்தலன் பவுலின் உறுமால்களை (கைக்குட்டைகளை) வியாதிக்காரர்மேல் கொண்டுபோய்ப் போட்டாலே வியாதி நீங்கியது (அப்போஸ்தலர் 19). அதே எபேசு ஊர்க்காரன் துரோப்பீமு, பவுலோடு பயணம் போனவன். அவனை மிலேத்துவில் “வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்” என்று பவுலே எழுதுகிறார், இரண்டாம் தீமோத்தேயு 4:20. பவுலுக்கு விசுவாசம் குறைவா?

அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பிறந்தது பென்னாகரம் பக்கம். அந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீரால் பல்லெல்லாம் காவி. தண்ணீரில் கரைந்திருக்கிற புளோரைடு உப்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினாலே பல்லுக்கும் எலும்புக்கும் கெடுதல். ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்தது 2013-இல்தான், அதற்குள் அவருக்கு முழங்காலும் போய்விட்டது. “அந்தத் தண்ணி பளிங்காட்டம் இருக்கும் கண்ணு. ருசியில ஒண்ணும் தெரியாது” என்றார், நான் கேட்காமலே.

11-8-2024, ஞாயிறு
ஆராதனை முடிந்து பாஸ்டரிடம் போனேன். “விசுவாசத்தைத் தூண்டத்தான், சிஸ்டர், அவர் அப்படிப் பேசினார்” என்று இழுத்தார். தலையணை உறை விஷயத்தைச் சொன்னேன். முகம் மாறிவிட்டது. அடுத்த மாதமும் அதே ஊழியர்தானாம், நோட்டீஸ்கூட அடித்தாகிவிட்டதாம். வேறு சபைக்குப் போய்விடு என்கிறாள் தங்கை. என் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த சபை இது, போக மனசில்லை. புதன்கிழமை வேத பாடத்தில் மூன்றாம் யோவானை முழுசாக வாசிக்கலாமா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார். சரி, கேட்டுக்கொண்டே இருப்பேன்.

ராத்திரி அத்தை மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: “அந்தத் துரோப்பீமு அப்புறம் பொழச்சானா?”

பைபிளில் இல்லை அத்தை என்றேன். “ஓ” என்று சொல்லிவிட்டு ஜெபம் பண்ணினார். அப்புறம் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.