ஆம்ப்பில் கேட்ட சத்தம் லேப்டாப்பில் ஏன் விழுவதில்லை?

கிட்டாருக்கான டிஜிட்டல் பயிற்சி ஆம்ப்பை யூஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு சேர்த்து முதல்முறை ரெக்கார்டு செய்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள். வாசிக்கும்போது கணீரென்று இருந்தது, போட்டுக் கேட்டால் தகரத்தில் ஆணியால் கீறுவதுபோல் இருக்கிறது. இல்லையென்றால் போர்வைக்குள் உட்கார்ந்து வாசித்ததுபோல் அமுங்கிக் கிடக்கிறது. ஆம்ப்பை மாற்ற வேண்டுமோ என்ற யோசனை அங்கேதான் தொடங்குகிறது. மாற்ற வேண்டாம். ரெக்கார்டிங்குக்கென்று தனியாக ஒரு பேட்ச், அதாவது ஆம்ப்பில் சேமித்து வைக்கும் குமிழ், எஃபெக்ட் அமைப்பு, அமைக்க வேண்டும், அவ்வளவுதான்.

உள்ளே நடப்பது இதுதான். கிட்டாரிலிருந்து வரும் சிக்னல் ஆம்ப்புக்குள் நுழைந்ததும் எண்களாக மாறுகிறது. ஒரு சிப், வேறு ஆம்ப்பின் சத்தத்தை நகலெடுக்கும் ஆம்ப் மாடலையும் எஃபெக்ட்களையும் அந்த எண்களின் மேல் கணக்குப் போட்டு ஏற்றுகிறது. அதற்குப் பிறகு பாதை பிரிகிறது. ஒரு கிளை மறுபடி மின்சாரமாகி, பவர் ஆம்ப் வழியாக ஸ்பீக்கருக்குப் போகிறது. இன்னொரு கிளை எண்களாகவே யூஎஸ்பியில் இறங்கிவிடுகிறது. இந்த இரண்டாவது பாதையில் ஸ்பீக்கர் கிடையாது, மரப்பெட்டி கிடையாது, அறையும் கிடையாது. கிட்டார் ஸ்பீக்கர் ஏறக்குறைய 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சரசரவென்று இறங்கிவிடும். சத்தத்தை உடைத்துக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பிறப்பிக்கும் ஈ மொய்க்கிற சத்தத்தை நமக்குத் தெரியாமலே வடிகட்டித் தருவது அதுதான். யூஎஸ்பி பாதையில் அந்த வேலையைச் செய்வது, ஸ்பீக்கர் பெட்டியைக் கணக்கால் நகலெடுக்கும் கேபினட் சிமுலேஷன். அது அணைந்திருந்தால் தகரச் சத்தத்துக்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

இன்னொரு காரணம் ஆம்ப் இருக்கும் இடம். 12 அங்குல ஸ்பீக்கர் உள்ள ஆம்ப்பைத் தரையில் வைத்துவிட்டு நாம் நின்றுகொண்டு வாசிக்கிறோம். ட்ரெபிள் டார்ச் வெளிச்சம்போல் நேர்கோட்டில் போகும், நம் முழங்காலில் மோதிவிடும். காதுக்கு வந்து சேர்வது மந்தமான சத்தம்தான். அதை ஈடுகட்ட ட்ரெபிள் குமிழைத் திருப்பித் திருப்பி ஏற்றுகிறோம். யூஎஸ்பிக்கு முழங்காலும் தெரியாது, காதும் தெரியாது. ஏற்றிய ட்ரெபிள் முழுசாக ரெக்கார்டிங்கில் விழுகிறது. பேஸ் கதையும் இப்படித்தான். குறைந்த சத்தத்தில் நம் காதுக்கு பேஸ் சரியாகக் கேட்காது. ராத்திரியில் பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் வாசிக்கிறவர் பேஸைக் கூட்டி வைத்திருப்பார், மறுநாள் சற்றே சத்தமாகப் போட்டுக் கேட்டால் குமுகுமுவென்று கொட்டும்.

அதனால் ரெக்கார்டிங் பேட்ச்சை ஸ்பீக்கரில் கேட்டு அமைக்கக் கூடாது. ஹெட்போனை மாட்டிக்கொள்ளுங்கள். பேஸ், மிடில், ட்ரெபிள் மூன்று குமிழையும் கடிகார முள் 12 மணியில் நிற்பதுபோல் நடுவில் வையுங்கள். எதிரொலி சேர்க்கும் ரிவெர்ப், டிலே இரண்டையும் அணையுங்கள். பின்னால் மென்பொருளில் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் ஒருமுறை பதிந்ததை எடுக்க முடியாது. சத்தத்தில் எவ்வளவு டிஸ்டார்ஷன் ஏறும் என்பதை முடிவு செய்வது கெயின் குமிழ். வழக்கமாக வைக்கும் கெயினில் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். தனியாக வாசிக்கும்போது கெயின் குறைந்தால் விரல் வறண்டதுபோல் தோன்றும். ஆனால் இரண்டு டிராக் அடுக்கியதும் அந்தக் குறை தெரியாது, கார்டின் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்கும். முப்பது விநாடி பதிந்து, போட்டுக் கேட்டு, அதற்குப் பிறகு குமிழைத் தொடுங்கள். வாசித்துக்கொண்டே திருத்தும்போது பிக் கம்பியில் படும் சத்தமும் காதில் விழுந்து ஏமாற்றும்.

சந்தையில் கிடைக்கும் ஆம்ப்களை இந்த வேலைக்காக இரண்டு இனமாகப் பிரிக்கலாம். ஒன்று, யமஹா டிஹெச்ஆர்-2 மாதிரி மேசை மேல் வைக்கும் சின்ன ஸ்டீரியோ பெட்டி. இன்னொன்று, பாஸ் கட்டானா 50 மாதிரி 12 அங்குல ஸ்பீக்கர் போட்ட முழு ஆம்ப். இரண்டிலும் யூஎஸ்பி ரெக்கார்டிங் உண்டு. டிஹெச்ஆர்-2 நான்கு சேனல்களை அனுப்பும். 1, 2-இல் எஃபெக்ட் ஏறிய சத்தம், 3, 4-இல் வெறும் கிட்டார். கட்டானாவில் பவர் குமிழை ஸ்டாண்ட்பையில் வைத்தால் ஸ்பீக்கர் வாயை மூடிக்கொள்ளும், யூஎஸ்பி வேலை செய்துகொண்டே இருக்கும். அதன் எம்கே-2 வகையில் டோன் ஸ்டூடியோ மென்பொருளுக்குள் மைக் வைத்துப் பதிந்ததுபோல் சத்தத்தை மாற்றும் ஏர் ஃபீல் என்ற அமைப்பு இருக்கிறது. ரெக், லைவ், பிளெண்ட் மூன்றையும் மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டுப் பிறகு ட்ரெபிள் குமிழிடம் போங்கள். பலருக்கும் குறை அங்கேயே தீர்ந்துவிடும்.

கேபிள் விஷயம் சின்னது, ஆனால் ஒரு சாயங்காலத்தையே சாப்பிட்டுவிடும். பிரிண்டருக்குப் போடும் சதுர முனை கேபிளில் பிரச்சினை குறைவு. மைக்ரோ யூஎஸ்பி, டைப்-சி கேபிள்களில் சார்ஜ் மட்டும் ஏற்றுகிற ரகம் உண்டு, டேட்டா போகாது. ஆம்ப் லேப்டாப்பில் தெரியவே இல்லையென்றால் முதலில் வேறு கேபிள் மாற்றிப் பாருங்கள். ஹப் வேண்டாம், நேராக லேப்டாப்பிலேயே சொருகுங்கள். விண்டோஸில் தயாரிப்பாளரின் டிரைவரை முதலில் போட்டுவிட்டு, பிறகு கேபிளைச் சொருகுவதுதான் சரியான வரிசை.

டிரைவர் போட்டதும் பலர் பதறும் இடம் ஒன்று உண்டு. ரெக்கார்டிங் மென்பொருளில் ஏஎஸ்ஐஓவை (குறைந்த தாமதத்தில் ஒலியைக் கடத்தும் விண்டோஸ் டிரைவர் முறை) தேர்ந்தெடுத்த உடனே லேப்டாப் ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். எதுவும் கெட்டுப்போகவில்லை. ஏஎஸ்ஐஓவில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான். உள்ளே வருவதும் ஆம்ப் வழியாக, வெளியே போவதும் ஆம்ப் வழியாக. ஹெட்போனை ஆம்ப்பில் சொருகினால் கிட்டாரும் பாட்டும் சேர்ந்து கேட்கும்.

அடுத்து, மென்பொருளில் கிட்டார் பதியும் டிராக்கின் இன்புட் மானிட்டரிங்கை, அதாவது உள்ளே வரும் சத்தத்தை உடனே திருப்பிக் கேட்கவைக்கும் வசதியை, அணையுங்கள். உங்கள் கிட்டார் ஆம்ப்புக்குள்ளேயே ஹெட்போனுக்கு வந்துவிடுகிறது. மானிட்டரிங்கும் திறந்திருந்தால் அதே சத்தம் லேப்டாப்புக்குப் போய்த் திரும்பி, சில மில்லிசெகண்ட் தாமதமாக மறுபடி காதில் விழும். கிணற்றுக்குள் வாசிப்பதுபோல் இருக்கும். பஃபர் என்பது லேப்டாப் ஒரு தடவையில் சேர்த்து வாங்கும் ஒலித் துண்டு. 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 48,000 சாம்பிள் எடுக்கும்போது, பஃபர் 128 சாம்பிள் என்றால் 2.7 மில்லிசெகண்ட், 1024 என்றால் 21 மில்லிசெகண்ட். அது ஒரு வழிக்கான கணக்கு. மானிட்டரிங் அணைந்திருந்தால் பஃபரைக் குறைக்கப் போராட வேண்டியதே இல்லை. 256-இலோ 512-இலோ வைத்துவிட்டு நிம்மதியாகப் பதியலாம். பதிந்த கிட்டார் டிராக்கில் பாட்டின் டிரம்ஸும் சேர்ந்து விழுந்திருந்தால், ஆம்ப்பின் யூஎஸ்பி அமைப்பில், லேப்டாப்பிலிருந்து வரும் சத்தத்தை அதற்கே திருப்பி அனுப்பும் லூப்பேக் திறந்திருக்கிறது என்று அர்த்தம். அதை மூடுங்கள்.

மானிட்டரிங் அணைந்திருந்தாலும் பதிந்த டிராக் தாளத்துக்குப் பின்னால் விழலாம். டிரைவர் சொல்லும் தாமதத்தை மென்பொருள் தானாகவே ஈடுகட்டும், ஆனால் டிரைவர் சொல்வது எப்போதும் உண்மையாக இருப்பதில்லை. இதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வாங்க வேண்டாம். ஆம்ப்பை கிளீனில் வையுங்கள். மென்பொருளில் ஒரு டிராக்கில் மெட்ரோனோம் கிளிக்கை ஓடவிடுங்கள். ஆம்ப்பில் சொருகிய ஹெட்போனின் ஒரு காதுப் பக்கத்தை கிட்டாரின் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) மேல் ஒட்டினாற்போல் வைத்து ரெக்கார்டு அழுத்துங்கள். ஹெட்போனுக்குள் இருக்கும் சுருளின் காந்தப்புலத்தை பிக்கப் பிடித்துக்கொள்ளும். கிளிக் அப்படியே கிட்டார் டிராக்கில் விழும். ஒற்றைச் சுருள் உள்ள சிங்கிள் காயில் பிக்கப்பில் நன்றாக விழும், இரட்டைச் சுருள் உள்ள ஹம்பக்கரில் கொஞ்சம் மெலிதாக விழும். இப்போது இரண்டு டிராக்கையும் பெரிதாக்கிப் பாருங்கள். மூல கிளிக்கின் முனைக்கும் பதிந்த கிளிக்கின் முனைக்கும் நடுவில் எத்தனை சாம்பிள்? 48 கிலோஹெர்ட்ஸில் 480 சாம்பிள் என்றால் 10 மில்லிசெகண்ட். அந்த எண்ணை மென்பொருளின் ரெக்கார்டிங் ஆஃப்செட் கட்டத்தில் போட்டுவிட்டு இன்னொருமுறை பதிந்து பாருங்கள், முனையும் முனையும் ஒட்டி நிற்க வேண்டும். பஃபரை மாற்றினால் இந்த அளவையும் திரும்ப எடுங்கள். "என் கை தாளத்தில் நிற்கவில்லை" என்று நொந்துகொள்கிறவர்கள் முதலில் இதைச் செய்து பார்க்க வேண்டும், கை சரியாக இருந்து கணினி தள்ளிப் போட்டிருக்கலாம்.

சாம்பிள் ரேட்டையும் இப்போதே பார்த்துவிடுங்கள். ஆம்ப் எந்த ரேட்டில் ஓடுகிறதோ அதே ரேட்டில் ப்ராஜெக்டைத் தொடங்குங்கள். 48-இல் பதிந்த டிராக்கை 44.1 என்று நினைத்து ஓட்டினால் சுருதி ஏறக்குறைய ஒன்றரை செமிடோன் இறங்கி, பாட்டும் இழுத்துக்கொண்டு ஓடும்.

இரைச்சலுக்கு வருவோம். நம் வீடுகளில் முதல் குற்றவாளி ஃபேன் ரெகுலேட்டர். டக் டக்கென்று ஐந்து படியில் திரும்பும் ரகம் பெரும்பாலும் தொந்தரவு தராது. படியில்லாமல் வழுக்கிக்கொண்டே சுற்றும் குமிழ் ரகத்தின் உள்ளே டிரையாக் என்ற மின்னணு சுவிட்ச் இருக்கும். அது விநாடிக்கு 100 முறை மின்சாரத்தை வெட்டி வெட்டிக் கொடுக்கும். அந்த வெட்டு பிக்கப்பில் கரகரவென்று விழும், டிஸ்டார்ஷன் போட்டால் பத்து மடங்காகக் கேட்கும். ஃபேனை நிறுத்துங்கள், வெயில் தாங்காது என்றால் முழு வேகத்தில் வையுங்கள். பாதி வேகம்தான் மோசம். மின்வெட்டில் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஓடும்போது பதியாதீர்கள், கரண்ட் வரட்டும். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். கீச்சென்ற மெல்லிய சத்தம் நின்றுவிட்டால் சார்ஜர்தான் காரணம், டேக் எடுக்கும்போது மட்டும் பிடுங்கி வைத்தால் போதும். ஆம்ப் பிளக்கில் மூன்றாவது பின்னை எடுத்துவிடச் சொல்கிறவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். அது உயிர் சம்பந்தப்பட்ட பின்.

இவ்வளவும் செய்த பிறகும் சிங்கிள் காயில் கிட்டாரில் உம்மென்ற முனகல் இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்தபடியே மெல்லச் சுற்றுங்கள். ஏதோ ஒரு திசையில் முனகல் சட்டென்று அடங்கும். அந்தத் திசையில் நாற்காலியை நிறுத்தி, தரையில் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். சத்தம் தணிந்ததும் சிக்னலை மூடிவிடும் நாய்ஸ் கேட் என்ற எஃபெக்டை இதற்கெல்லாம் பிறகுதான் தொட வேண்டும், அதுவும் கொஞ்சமாக. கூட்டி வைத்தால் நீளமாக விட்ட சுரத்தின் வாலை வெட்டிவிடும்.

லெவல் விஷயத்தில் பேச அதிகமில்லை. 24 பிட்டில் பதியுங்கள். பலமாக அடிக்கும்போது மீட்டர் மைனஸ் 10 டெசிபலைத் தொட்டால் போதும். சிவப்பு விளக்கு எரிந்தால் ஆம்ப்பில் பேட்ச் லெவலையோ யூஎஸ்பி லெவலையோ குறைக்க வேண்டும். மென்பொருளின் ஃபேடரை இறக்கினால் உடைந்த சத்தம் மெதுவாகக் கேட்கும், சரியாகாது.

ரிதம் கிட்டார் அகலமாகக் கேட்க வேண்டுமென்றால் அதே பகுதியை இரண்டுமுறை வாசித்து, ஒன்றை முழுக்க இடதுபக்கமும் மற்றதை முழுக்க வலதுபக்கமும் தள்ள வேண்டும். ஒரே டேக்கை நகலெடுத்து இரண்டு பக்கமும் வைத்தால் நடுவிலேயே நிற்கும், சத்தம் மட்டும் கூடும். நகலைக் கொஞ்சம் நகர்த்தி வைப்பவர்கள் உண்டு. ஹெட்போனில் அகலமாக இருக்கும், போனின் ஒற்றை ஸ்பீக்கரில் போட்டால் குழாய்க்குள் பேசுவதுபோல் கேட்கும். வாசிப்பில் வரும் மயிரிழை வித்தியாசம்தான் அகலத்தைத் தருகிறது, அதற்குக் குறுக்கு வழி இல்லை. இரண்டாவது டேக்குக்கு பிக்கப் சுவிட்சையோ ஆம்ப் மாடலையோ மாற்றினால் இன்னும் நன்றாகப் பிரியும். ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் டியூன் பாருங்கள். தனியாகக் கேட்கும்போது பொறுத்துக்கொள்ளக்கூடிய சுருதி விலகல், இரண்டு டிராக் சேர்ந்ததும் தலைவலியாகிவிடும்.

மைக் வைத்துப் பதியலாமா என்று கேட்டால், மேசை ஆம்ப்புக்கு வேண்டாம் என்பதே என் பதில். அதன் சின்ன ஸ்பீக்கர்கள் பாட்டு கேட்கவும் சேர்த்துச் செய்யப்பட்டவை, மைக் வைப்பதால் கூடுதலாக எதுவும் கிடைக்காது. 12 அங்குல ஸ்பீக்கர் என்றால் அர்த்தம் உண்டு. 1965-இல் வந்த ஷூர் எஸ்எம்57 இன்றும் இந்த வேலைக்குப் போதும், ஆனால் தனியாக ஆடியோ இன்டர்ஃபேஸ் வேண்டும். ஆம்ப்பை ஒரு ஸ்டூல் மேல் ஏற்றுங்கள். ஸ்பீக்கரை மூடிய துணி வழியாக டார்ச் அடித்து ஸ்பீக்கரின் நடு மூடி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மைக்கை அந்த மூடியின் விளிம்புக்கு நேராக, துணியிலிருந்து இரண்டு விரல் தள்ளி வையுங்கள். நடுவுக்கு நகர்ந்தால் கூர்மை ஏறும், ஓரத்துக்கு நகர்ந்தால் மென்மை. ஒரு சென்டிமீட்டர் நகர்வு குமிழைத் திருப்புவதைவிட அதிகமாக மாற்றும். நெருங்க நெருங்க பேஸ் கூடும். மைக்கையும் யூஎஸ்பியையும் ஒரே நேரத்தில் பதிந்து கலக்க நினைக்காதீர்கள். இரண்டு கருவிகளுக்கும் இரண்டு கடிகாரம், பாட்டு நகர நகர ஒன்றுக்கொன்று விலகிக்கொண்டே போகும்.

கடைசியில் ஈக்யூ, அதாவது சத்தத்தின் ஒவ்வொரு அதிர்வெண் பகுதியையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைப்பது. கிட்டாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே இருப்பது உறுமலும் தட்டலும்தான், 80-லிருந்து 100-க்குள் ஒரு ஹை-பாஸ் போட்டு வெட்டுங்கள். பேஸ் கிட்டார் இருக்கும் பாட்டென்றால் 120 வரைகூடப் போகலாம். மேலே 8 கிலோஹெர்ட்ஸில் ஒரு லோ-பாஸ் போட்டு அதற்கு மேல் இருப்பதை வெட்டுங்கள். காதைக் குத்தும் இடம் பெரும்பாலும் 2.5-க்கும் 4 கிலோஹெர்ட்ஸுக்கும் நடுவில் ஒளிந்திருக்கும். குறுகலான ஒரு பேண்டை உயர்த்தி மெல்ல நகர்த்திப் பாருங்கள், ஓரிடத்தில் விசில் மாதிரி கத்தும். அங்கே 3 டெசிபல் இறக்கினால் போதும். இதையெல்லாம் கிட்டார் டிராக்கைத் தனியாக ஓட்டிச் செய்யாதீர்கள், டிரம்ஸும் குரலும் கூடவே ஓடட்டும். தனியாகக் கேட்கும்போது மெலிந்ததாகத் தோன்றும் கிட்டார்தான் பாட்டுக்குள் சரியாக உட்காரும்.

ஆம்ப் வெறும் கிட்டாரைத் தனிச் சேனலில் அனுப்பும் என்றால் அதையும் ஒவ்வொரு டேக்கோடும் பதிந்து, ம்யூட் செய்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து கெயின் அதிகமென்று தோன்றினால், அந்த டிராக்கை நியூரல் ஆம்ப் மாடலர் போன்ற இலவச ப்ளக்-இன்னில் ஓட்டி வேறு ஆம்ப்பாக மாற்றிக்கொள்ளலாம். டிராக் பெயரிலேயே தேதியையும் ட்யூனிங்கையும் எழுதிவிடுங்கள்.