அச்சணந்தி ஏறிய மலைகள்: மதுரையைச் சுற்றி ஒரு சனி, ஞாயிறு

மலையேற்றம் என்றால் மதுரைக்காரர்களுக்குக் கொடைக்கானல் பக்கம்தான் கால் போகும். ஊரைச் சுற்றிக் கிடக்கும் மொட்டைப் பாறை மலைகளைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தே பழகிவிட்டோம். தை கடைசியில் நானும் இரண்டு நண்பர்களும் சமணமலை, யானைமலை, அரிட்டாபட்டி மூன்றையும் ஒரே மூச்சில் ஏறிவிடுவது என்று கிளம்பினோம். இந்த மூன்றையும் சேர்த்ததற்குக் காரணம் அச்சணந்தி. 9, 10-ஆம் நூற்றாண்டு வாக்கில் பாண்டிய நாட்டு மலைகள்தோறும் தீர்த்தங்கரர் (சமணர் வணங்கும் அருகர்) திருமேனிகளைச் செய்வித்த சமண முனிவர். மூன்று மலைகளிலும் அவர் பெயர் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் இருக்கிறது.

சனிக்கிழமை விடிந்தும் விடியாமலும் சமணமலை அடிவாரத்துக் கீழக்குயில்குடி. ஐயனார் கோயில், ஆலமரம், தாமரைக்குளம். அங்கிருந்து பாறையில் வெட்டிய படிகளில் ஏறினால் பேச்சிப்பள்ளம். சுனையை ஒட்டிய பாறையில் வரிசையாக எட்டுத் திருமேனிகள். ஐந்துதலை நாகம் குடைபிடிக்க நிற்கும் பார்சுவநாதரைச் சட்டென்று அடையாளம் தெரியும். அந்த எட்டில் ஒன்றை அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. மகன் துறவியாகிப் போனபின், அந்தத் தாய் இந்த மலையில் ஒரு சிலை செய்ய வைத்திருக்கிறார். எனக்கு அந்த இடத்தை விட்டு நகரவே மனம் வரவில்லை.

அதற்கு மேலே கையும் ஊன்றித்தான் ஏற வேண்டும். உச்சிக்குப் போகும் வழியில், பராந்தக வீரநாராயண பாண்டியன் காலத்து மாதேவிப் பெரும்பள்ளி என்ற சமணப் பள்ளியின் அடித்தளம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. உச்சியில் காற்று பிய்த்தது. ஒரு பக்கம் நாகமலை நீண்டு கிடக்க, மறுபக்கம் திருப்பரங்குன்றம்.

மத்தியானம் கட்டுச்சோற்றை முடித்துவிட்டு, வெயில் தாழ யானைமலைக்கு வந்தோம். ஒத்தக்கடையிலிருந்து பார்த்தால் படுத்திருக்கும் யானையேதான். கொஞ்ச தூரம் படி. அப்புறம் வெறும் பாறைச் சரிவு, பிடிக்க ஒரு புல் கிடையாது. இங்கே பயந்து பாறையோடு ஒட்டிப் படுத்தால் கால் வழுக்கும். உடம்பை நிமிர்த்தி, முழுப் பாதத்தையும் பதித்து, எடையைக் காலுக்குக் கொடுத்தால் பாறையின் சொரசொரப்பே தாங்கும். பகலெல்லாம் குடித்த வெயிலைப் பாறை திருப்பித் தந்துகொண்டிருந்தது, உள்ளங்கை சுட்டது. இறங்குவதுதான் கடினம். பாதி இடத்தில் உட்கார்ந்து, கைகளைப் பின்னால் ஊன்றித்தான் நகர்ந்தோம்.

யானைமலைத் திருமேனிகளுக்குக் கீழே அச்சணந்தி பெயரோடு இன்னொரு செய்தியும் உண்டு: இதைக் காப்பது நரசிங்கமங்கலத்துச் சபையார் பொறுப்பு. அந்த ஊர்தான் அடிவாரத்து நரசிங்கம். 2010-இல் இந்த மலையில் சிற்ப நகரம் அமைக்கப் பேச்சு வந்தபோது எதிர்த்து நின்றவர்களும் இந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள்தான்.

இவை தொல்லியல் சின்னங்கள் உள்ள மலைகள், மேலே கூடாரம் போடுவது முறையல்ல. நண்பனின் சித்தப்பா தோப்பு அரிட்டாபட்டி போகும் வழியில் இருந்தது. அங்கே டென்ட் அடித்தோம். பனங்கிழங்கை நெருப்பில் போட்டுச் சுட்டு, தோல் கருகியதும் உரித்து, நடு நரம்பைக் கிழித்தெடுத்துத் தின்றோம். பனி நன்றாகவே இறங்கியது. விடியற்காலையில் கிளம்பப் பார்த்த எங்களை நண்பனின் அப்பத்தா தடுத்துவிட்டார். "பாறையில பனி நனைச்சிருக்கும். வெயில் ஏறுனப்புறம் ஏறுங்கப்பா." கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டுக் காத்திருந்தோம்.

அரிட்டாபட்டி 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். ஏழு குன்றுகள், அவற்றின் மடியில் சுனைகளும் ஏரிகளும். கழிஞ்சமலைக் குகையின் நெற்றியில் மழைத்தண்ணீர் உள்ளே வடியாமலிருக்கக் காடி வெட்டியிருக்கிறார்கள். விரலால் தொட்டுப் பார்த்தேன். இரண்டாயிரம் ஆண்டுக்குப் பிறகும் விளிம்பு தெரிகிறது. மேலே ஒரு வல்லூறு பாறை முகட்டிலிருந்து அம்பாக இறங்கியது. லகர் வல்லூறாக இருக்க வேண்டும் என்றான் நண்பன்.

இங்கும் அச்சணந்தி செய்வித்த திருமேனி இருக்கிறது. அதைக் காக்கும் பொறுப்பு பாதிரிக்குடியாருக்கு. 2024 நவம்பரில் இந்த வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்த செய்தி வந்ததும், சுற்றுவட்டார மக்கள் கிராமசபைகளில் தீர்மானம் போட்டு, மதுரை வரை ஊர்வலமாக வந்தார்கள். 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. குன்றின் அடிவாரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் அதைக் கேட்டேன். "மலை போனா கம்மாய் போச்சு, கம்மாய் போனா நாங்க எங்கய்யா போறது?" என்றார்.

மாங்குளம் மீனாட்சிபுரத்து மலையும் அன்றைக்கே திட்டத்தில் இருந்தது. பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் வரும் தமிழி (தமிழ்-பிராமி) கல்வெட்டு அங்கேதான். ஆனால் உச்சிவெயில் வந்துவிட்டது, தண்ணீரும் தீர்ந்துவிட்டது. அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்க வேண்டும். வருகிறவர்கள் மாசிக்குள் வந்துவிடுங்கள். பங்குனியில் இந்தப் பாறைகளில் கை வைக்க முடியாது.