பதிவேட்டில் 338, கருவியில் 337

2019 ஆகஸ்ட் 5. வேலூர் மக்களவைத் தேர்தலில், அணைக்கட்டுத் தொகுதிக் கிராமப் பள்ளி ஒன்றில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக இருந்தேன். ஏப்ரல் 18ஆம் தேதியே நடந்திருக்க வேண்டிய தேர்தல் அது. கட்டுக்கட்டாகப் பணம் பிடிபட்டு, வாக்குப்பதிவுக்கு இரண்டே நாள் இருக்கும்போது ரத்தானது. பணப் புழக்கத்தால் ஒரு மக்களவைத் தொகுதியின் தேர்தலே நின்றுபோனது நாட்டில் அதுதான் முதல் முறை. அந்தத் தலைகுனிவு எனக்கும் இருந்தது. "எல்லாம் முன்பே முடிவு செய்ததுதானே சார்" என்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கூடச் சொன்னார்.

முதல் நாள் மாலை கருவிகளோடு போய்ச் சேர்ந்து, இரவு வகுப்பறையிலேயே படுத்தோம். காலை 6 மணிக்கு, வேட்பாளர்கள் சார்பில் உட்காரும் முகவர்கள் முன்னிலையில் மாதிரி வாக்குப்பதிவு. குறைந்தது 50 வாக்குகள் போட்டு, கூட்டிப் பார்த்து, வாக்கு யாருக்கு விழுந்தது என்று அச்சிட்டுக் காட்டும் விவிபாட் பெட்டியில் விழுந்த சீட்டுகளையும் எண்ணி, எல்லாம் ஒத்துப்போன பிறகு கருவியிலிருந்து அழிக்க வேண்டும். அழித்தேன். "இன்னொரு தரம் காட்டுங்கள் வாத்தியாரே" என்றார் வயதான முகவர் ஒருவர். மறுபடி பொத்தானை அழுத்தினேன். பூஜ்யம். அதன் பிறகே சீட்டுகள் கறுப்பு உறைக்குள் போயின. முத்திரையில் அவரும் கையெழுத்திட்டார்.

பகல் 1 மணிக்குக் கணக்குப் பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. பதிவேட்டில் 338 பேர். கருவியில் 337 வாக்குகள். மறைப்புக்குள் யாரும் இல்லை. முகவர்கள் நால்வரும் எழுந்துவிட்டார்கள். "காலையிலேயே கேட்டேனே!" என்று பெரியவர் குரலை உயர்த்தினார்.

என்னை நம்புங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முன்பின் தெரியாத என்னை அவர் எதற்கு நம்ப வேண்டும்? சட்டமும் அவரிடம் அதைக் கேட்கவில்லை. சந்தேகம் வந்தால் கேட்கத்தானே முகவரை உள்ளே உட்கார வைத்திருக்கிறார்கள்! வரிசையைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, பதிவேட்டில் பதிந்ததும் ஒவ்வொருவருக்கும் வரிசை எண்ணோடு கொடுத்து, வாக்களிக்கும் முன் மூன்றாம் அலுவலர் திரும்ப வாங்கி வைத்திருந்த வாக்காளர் சீட்டுகளை மேசையில் கொட்டி, அவர்கள் கண்முன்னே ஒவ்வொன்றாக எண்ணினோம். 337. வரிசை எண் 291 மட்டும் இல்லை.

291 ஒரு பாட்டி. கைநாட்டு வைத்து, மையும் வைத்துக்கொண்டவர், தலைசுற்றுகிறது என்று பேத்தியோடு வெளியே போனதை இரண்டாம் அலுவலர் நினைவுபடுத்திச் சொன்னார். முகவர்களின் சம்மதத்தோடு கிராம உதவியாளரை அனுப்பினேன். அரை மணி நேரத்தில் பாட்டி வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்தார். இரண்டு கொட்டைப்பாக்கோடு அந்தச் சீட்டு, நாலாக மடித்தபடி.

"மைதான் வைத்துவிட்டார்களே, அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன் சாமி."

வரிசை மாறி ஒருவர் வாக்களிக்க நேர்ந்தால், அதைப் பதிவேட்டின் குறிப்புப் பகுதியில் எழுத வேண்டும். 291க்கு நேரே எழுதினேன். எழுதியதைப் பெரியவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். பாட்டி மறைப்புக்குள் போனார். பீப் சத்தம் கேட்டதும் அவர் முகத்தைவிட என் முகம்தான் அதிகம் தெளிந்திருக்கும். பீப் ஒலி இவ்வளவு இனிமையாக இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

மாலை 6 மணிக்கு முடித்தபோது பதிவேட்டில் 611, கருவியிலும் 611. அந்த எண்ணை எழுதிய 17சி படிவத்தின் நகலை முகவர்கள் ஒவ்வொருவருக்கும் கொடுத்தேன். பெரியவர் எண்ணின் மேல் விரலை வைத்து ஒருமுறை பார்த்துக்கொண்டு, மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். கருவிகளை ஒப்படைத்துவிட்டு வீடு சேர நள்ளிரவு தாண்டிவிட்டது.

9ஆம் தேதி வாக்கு எண்ணிக்கை. பத்து லட்சத்துக்கும் மேல் பதிவான வாக்குகளில் வெற்றி வித்தியாசம் வெறும் 8,141. பெரியவரின் கட்சி தோற்றிருந்தது. இரவு அவரே போன் செய்தார்.

"நம் சாவடியில் 611 சரியாக வந்தது வாத்தியாரே. எண்ணும் இடத்துக்குள் போன எங்கள் ஆளிடம் கேட்டுவிட்டேன்."